வேராள் வழக்கு

சாமை அரவை இயந்திரத்தின் வாயில் மூட்டையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது தேவயானியின் கைப்பேசி அதிர்ந்தது. இயந்திரம் ஓடும்போது மணி அடித்தால் கேட்காது என்பதால் எப்போதும் அதிர்விலேயே வைத்திருப்பாள். வெறும் சாக்கை உதறிப் போட்டுவிட்டு வெளியே வந்து, திரையில் படிந்திருந்த உமித்தூளைத் துப்பட்டாவால் துடைத்தாள். போளூரிலிருந்து புருஷோத்தமன் அனுப்பியிருந்தான்.

“தேவயானி, குரூப்ப மூடிடலாம்னு இருக்கேன். யாரும் வர்றதில்ல. எனக்கும் கல்யாணம் பேசி முடிச்சிருக்காங்க, நேரமே இல்ல. உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. இல்லன்னா ஞாயித்துக்கெழம டெலிட் பண்ணிடுவேன்.”

இப்படி ஒன்றுக்காகத்தான் இத்தனை நாளும் அந்தக் குழுவிலேயே கிடந்திருக்கிறோம் என்பது படித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. “நான் பாத்துக்கறேங்க” என்று பதில் போட்டாள். உள்ளே வந்தவளின் முகத்தைப் பார்த்து, மூட்டை கட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஏதாவது மாப்பிள்ளை சேதியா என்று கேட்டார்கள். “அதுக்கும் மேல” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மூட்டையின் வாயைப் பிரித்தாள்.

நிழல்பட்டணம் என்பது டெலிகிராமில் நடந்த ஒரு விளையாட்டு. படமோ பொம்மையோ துப்பாக்கிச் சத்தமோ கிடையாது. எழுத்து மட்டும்தான். ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவை உருவாக்கிக்கொள்ள வேண்டும்; அந்த ஹீரோ செய்வதை ஒருவர் எழுத, அடுத்தவர் அதிலிருந்து தொடர வேண்டும். படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்திருந்த நாட்களில் புருஷோத்தமன் இதை ஆரம்பித்தான். துறைமுகம், மேம்பாலங்கள், எந்நேரமும் மேகம் கவிந்த வானம் என்று ஒரு பட்டணம். அதன் தலைவன் அவனுடைய இடிமுரசு. கை தட்டினால் இடி விழும். கதையை நடத்துகிறவனும் அவனே. யார் ஜெயித்தார்கள், யார் செத்தார்கள் என்பதில் அவன் எழுதுவதுதான் முடிவு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். வேகமாகத் தட்டுகிறவர்களின் ஹீரோக்கள் சண்டை போடுவார்கள். மெதுவாகத் தட்டுகிறவர்களின் ஹீரோக்கள் அடிபட்டுக் கிடப்பார்கள்.

தேவயானியை அதில் சேர்த்துவிட்டவள் கல்லூரித் தோழி கீதாஞ்சலி. அவள் கணியம்பாடியில் நர்ஸாக இருக்கிறாள். தேவயானி உருவாக்கிய பெண்ணின் பெயர் வேராள். தேவயானியைப் போலவே மலைக்காரி; செருப்புப் போடாதவள். உள்ளங்கையைத் தரையில் வைத்தால், எங்கே யார் நடக்கிறார்கள் என்று வேர்கள் அவளுக்குச் சொல்லும். “பட்டணத்து ரோட்டுல ஏதுங்க வேரு?” என்று யாரோ கேட்டதற்கு, தாருக்குக் கீழேயும் எங்கோ ஒரு வேர் போய்க்கொண்டுதான் இருக்கும் என்று எழுதினாள். அந்த ஒரு பதிலிலேயே வேராளை எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஒரு சனிக்கிழமை, இனிமேல் வேராள்தான் அணிக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று இரண்டு மூன்று பேர் எழுதினார்கள். புருஷோத்தமன் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் குறியை மட்டும் போட்டான்.

அந்த ஐப்பசியில் தேவயானி இருக்கும் மலையில் மழை விடாமல் பெய்தது. போளூர் போகும் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. கைப்பேசிக் கோபுரமும் ஒரு வாரத்துக்கு மேல் செத்துக் கிடந்தது. சிக்னல் திரும்பி வந்த அன்று தேவயானி ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்தில் நின்று எல்லாவற்றையும் மொத்தமாகப் படித்தாள். அவள் இல்லாத சனிக்கிழமையில் வேராள் சோற்றுக்காகப் பட்டணத்தின் ரகசிய வழிகளை எதிரிக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள். இடிமுரசு அவளைப் பிடித்து நடுத்தெருவில் நிறுத்தி, கொல்வதற்கு முன் ஒன்று சொன்னான்: ‘மலையிலிருந்து வந்தவளை ஊருக்குள் விட்டதே என் தப்பு. பசிக்கு எதையும் விற்கிற கூட்டம்.’ அதற்குக் கீழே கைதட்டும் குறிகள் வரிசையாக விழுந்திருந்தன. அதில் ஒன்று கீதாஞ்சலியுடையது.

ஏன் இப்படி என்று கேட்டாள். “கதைக்கு ஒரு ட்விஸ்ட் தேவப்பட்டுச்சு. கேம்தானே? வேற கேரக்டர் பண்ணிக்கோ” என்றான் புருஷோத்தமன்.

அவள் வேறு யாரையும் உருவாக்கவில்லை. குழுவை விட்டு வெளியேறவும் இல்லை. பந்தியில் உட்கார்ந்துவிட்டு இலையைத் தொடாதவள் மாதிரி அங்கேயே இருந்தாள். ஆட்களுக்கு வேலை கிடைத்தது, ஷிப்டு மாறியது, பிள்ளை பிறந்தது. சனிக்கிழமைகளில் வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கடைசியில் இடிமுரசு தனியாகக் கை தட்டிக்கொண்டிருந்தான். அதை அவள் ஒவ்வொரு வாரமும் தவறாமல் படித்தாள்.

குழு கைக்கு வந்ததும் தேவயானி சனிக்கிழமைச் சண்டையை எடுத்துவிட்டாள். இனி நிழல்பட்டணத்தில் வழக்கு மட்டும்தான் நடக்கும் என்று அறிவித்தாள். வாரம் ஒரு ஹீரோ கூண்டில் ஏற வேண்டும். பழைய கதைகளில் அவன் செய்த ஏதாவது ஒரு காரியத்துக்காக. யாரும் எழுத வேண்டாம். தன் பாத்திரமாகவே குரலில் பேசி அனுப்ப வேண்டும். குறிப்பிட்ட நேரம் என்று எதுவும் இல்லை. எப்போது ஓய்வு கிடைக்கிறதோ, எங்கே சிக்னல் கிடைக்கிறதோ அப்போது பேசலாம். புதிதாக வருகிறவர்களுக்குச் சக்தி எதுவும் வேண்டியதில்லை. அந்தப் பட்டணத்தில் டீ விற்கிறவராக, பஸ் ஓட்டுகிறவராக வந்து சாட்சி சொன்னால் போதும். வார முடிவில் மூன்று பேர் கொண்ட நடுவர் குழு தீர்ப்புச் சொல்லும். ஒரு தடவை பேசி அனுப்பியதைப் பேசியவரே அழிக்கக் கூடாது; அழிப்பதானால் தேவயானிதான் அழிக்க வேண்டும்.

முதல் வழக்கு கீதாஞ்சலியின் ஹீரோவான பனிக்கை மேல். முன்பொரு கதையில், ஒரு கடத்தல்காரனைப் பிடிக்கத் துறைமுகத்துத் தண்ணீர் முழுவதையும் பனிக்கை உறைய வைத்திருந்தாள். ஆரணிப் பக்கம் பட்டு நெய்கிற ஒருவர் மீன்காரியாகக் குரல் கொடுத்தார். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. “உங்க ஹீரோ புடிச்சது ஒரு திருடன. செத்தது அந்தத் தண்ணில இருந்த மீனு பூரா. நாங்க எங்க போய் நிக்கறது? எங்களையும் உங்க ஹீரோவுக்கு கைதட்டச் சொல்லுவீங்களா?” இதைக் கேட்டு, வராமல் இருந்த பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அமிர்தியில் ஜீப் ஓட்டும் பூவரசன், வண்டியை ஓரம் கட்டிவிட்டு, இருட்டில் கண் தெரியும் தன் ஆந்தையனாக மணிக்கணக்கில் பேசினான். அவர்கள் தங்கள் நண்பர்களைக் கூட்டி வந்தார்கள். பொங்கல் முடிவதற்குள், முன்பு எப்போதும் இருந்திராத கூட்டம் சேர்ந்துவிட்டது. தேவயானி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அரவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்று அத்தனை குரல்களையும் கேட்டாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. இதை எதற்காக ஆரம்பித்தோம் என்பதே சில நாட்கள் மறந்துபோனது.

கூட்டத்தைக் கேள்விப்பட்டுப் புருஷோத்தமனும் வந்தான். “நான் ஆரம்பிச்ச கேம் எழுந்துடுச்சு பாத்தீங்களா!” என்று முதல் குரலிலேயே சொன்னான். கூடவே ஒருத்தியையும் சேர்த்துவிட்டான். “இவங்க ஷோபனா. எங்க வூட்டுக்கு வரப்போறவங்க. எல்லாரும் நல்லா கவனிச்சிக்கோங்க.”

ஷோபனா போளூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நிழல்பட்டணத்தில் அவள் ஒரு மாடி வீட்டில் குடியிருந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிற பெண்ணாகப் பேசினாள். கேட்ட கேள்வியை விடமாட்டாள். எதையாவது புரிந்துகொண்டால் சின்னதாக, “ம், அப்டியா” என்பாள். தேவயானிக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அதுதான் சங்கடமாக இருந்தது. நடுவர்களைத் தேவயானி எப்போதும் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பாள். அந்த வாரம் குலுக்கவில்லை. ஷோபனாவின் பெயரை முதலில் எழுதி, மற்ற இரண்டு பெயர்களைப் பிறகு சேர்த்தாள்.

“இந்த வாரம் வேராள் வழக்கு. கூண்டுல நிக்க வேண்டியவர் இடிமுரசு.”

பழைய கதையை ஆரம்பத்திலிருந்து தன் குரலிலேயே படித்து அனுப்பினாள். இடிமுரசு வேராளைக் கொல்லும் முன் சொன்னதை மட்டும் படிக்கவில்லை. அதை அவன் எழுதியபடியே படமாகப் போட்டு, “இத எழுதினவரே படிக்கட்டும்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். வேராள் யாருடையவள் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. பழையவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“செம்ம ட்விஸ்ட்டு தேவயானி!” என்று புருஷோத்தமன்தான் முதலில் சிரித்துக்கொண்டே அனுப்பினான்.

பூவரசன் பேசினான். “ஆந்தையன் அன்னைக்கு கூரை மேலதான் இருந்தான். வேராள் அந்த வாரம் பட்டணத்துலயே இல்லிங்க. ஆளே இல்லாத எடத்துல துரோகம் எப்டிங்க நடக்கும்?” மறுநாள் கீதாஞ்சலி பனிக்கையாக வந்தாள். இரண்டு தடவை ஆரம்பித்து நிறுத்தியிருந்தாள். “நானும் அன்னைக்கு கை தட்டினேன். ஏன் தட்டினேன்னு இப்ப யோசிச்சா… எல்லாரும் தட்டினாங்க. வேராள் கிட்ட நான் நேர்ல சொல்லிக்கறேன்.” தேவயானி அதை இரண்டாம் தடவையும் ஓடவிட்டுக் கேட்டாள். ஆனால் பதில் போடவில்லை. கீதாஞ்சலியும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு ஷோபனாவின் கேள்வி வந்தது.

“இடிமுரசு, வேராள் காட்டிக் குடுத்தத நீங்க பாத்தீங்களா? இல்ல, யாராவது வந்து சொன்னாங்களா?”

“கதைங்க அது. கதைல அப்டி வந்துச்சு.”

“கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. பாத்தீங்களா?”

“இல்ல.”

“ம். அப்ப ‘பசிக்கு எதையும் விற்கிற கூட்டம்’னு யாரச் சொன்னீங்க? வேராள் ஒருத்திதான?”

அவன் பதில் சொல்வதற்குள் மற்றவர்கள் புகுந்தார்கள். ஒருவன் புருஷோத்தமன் மாதிரியே பேசி, நடுவில் இடிச் சத்தத்தைச் சேர்த்து அனுப்பினான். ‘இல்ல’ என்று அவன் சொன்னதை வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான் இன்னொருவன். மூன்றாவது ஆள் புருஷோத்தமன் வீட்டு ஹார்டுவேர் கடையின் பெயரைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டான். கடைப் பெயரை மட்டும் தேவயானி அழித்தாள். மற்றவற்றை அழித்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அழிக்காமல் வைத்து, இயந்திரம் ஓடும் நேரமெல்லாம் கேட்டாள். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு உருண்டை களி கூடுதலாகக் கேட்டாள். அம்மா குப்பம்மாள் வியப்போடு பார்த்தாள்.

தீர்ப்பை ஷோபனா சொன்னாள். இடிமுரசு அந்த வரியைத் தன் வாயால், வேராளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அதை அவன் நம்புகிறானா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால் நிழல்பட்டணத்தில் அவனுக்கு இடமில்லை. கடைசியில் மாடி வீட்டுப் பெண்ணின் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் ஒன்று சேர்த்தாள்: “அவரு சொல்லி நான் கேக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை தேவயானி வீட்டுப் புளியமரத்தில் பழம் உலுக்கினார்கள். அத்திமூர்ப் பக்கமிருந்து ஏறிவரும் மலைப்பாதை முடிகிற இடத்தில் அந்த மரம் இருக்கிறது. கீழே இரண்டு மூன்று வளைவுகள் தெரியும். அண்ணன் கிளையில் ஏறி உலுக்க, குப்பம்மாளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பைக் ஒன்று வந்து நின்றது. “தேவயானி வூடு எதுங்க?” என்ற குரலைக் கேட்டதும், முகத்தைப் பார்க்காமலேயே அது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றியவன், அந்தக் குரலுக்குப் பொருந்தாமல் மெலிந்து இருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தான். அத்தனை வளைவுகளில் அதுவும் கசங்கிவிட்டது.

குப்பம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். “புளி வெல பேச வந்தீங்களா சார்? இன்னும் ஓடு ஒடைக்கலியே.”

“இல்லம்மா. இவங்களப் பாக்க வந்தேன்.” தண்ணீரை முழுவதும் குடித்தான்.

தேவயானி சற்றுத் தள்ளி நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.

“ஷோபனா என் போன எடுக்க மாட்றா” என்றான். “அவங்க வூட்லயும் கேக்கறாங்க, இன்னாடா பிரச்சனைன்னு. இன்னான்னு சொல்றது? கேம்ல ஒரு பொண்ண கொன்னுட்டேன்னு சொல்றதா? நீ ஒரு வார்த்த சொல்லு தேவயானி. இது வெறும் வெளையாட்டுன்னு.”

“நீங்க சொல்லலியா?”

“கடசியா பேசினப்ப சொன்னேன். மனசுல இல்லாமயா கையில வந்துச்சுன்னு கேட்டா.”

“இருந்துச்சா?”

அவன் மரத்தைப் பார்த்தான். மேலே அண்ணன் கிளையை உலுக்க, புளி சடசடவென்று விழுந்தது.

“அந்த மழ நேரத்துல உனக்கு வாட்ஸ்அப்ல தனியா ஒரு மெசேஜ் போட்டேன்” என்றான். “உன்ன புடிச்சிருக்குன்னு. வாரம் பூரா பாத்தேன். நீ பதிலே போடல. எல்லாரும் வேராள் வேராள்னு சொன்னதுல உனக்கு ஏறிடுச்சுன்னு நெனச்சேன். அந்தக் கோவத்துல எழுதிட்டேன். எழுதினப்புறம் அந்த மெசேஜ அழிச்சிட்டேன்.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. சிக்னல் வந்த அன்று, வாட்ஸ்அப்பில் அவன் பெயருக்கு நேராக, செய்தி நீக்கப்பட்டது என்று இருந்தது. என்ன என்று கேட்கக்கூட அன்று அவளுக்குத் தோன்றவில்லை.

“இங்க டவர் செத்துப் போயிருந்துச்சு.”

“அது அப்புறம்தான் தெரிஞ்சுது.”

“தெரிஞ்சப்புறம் ஏன் மாத்தல? நீங்கதான எழுதறது? வேராள் உயிரோட வந்தான்னு ஒரு வரி.”

“மாத்தினா…” என்று இழுத்தான். “மாத்தினா நான் பண்ணது தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமில்ல.”

இதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் இறங்கியிருப்பாள். அழித்த செய்தியைப் பற்றிக் கேட்டபோது ஒரு கணம் அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. ஒருத்தி பதில் போடவில்லை என்பதற்காக ஒரு மலையையே திட்டியிருக்கிறான். தெரிந்த பிறகும் அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறான். அவள் கைப்பேசியை எடுத்து, குழுவைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

“படி” என்றாள். முதல் தடவையாக அவனிடம் ஒருமையில் பேசினாள். “பொழுது சாய நேரம் இருக்குது. இங்கியே சொல்லிட்டுப் போ. வேராளப் பாத்துதான சொல்லணும்? நான்தான் நிக்கிறேனே.”

“இங்கியா?”

“சிக்னல் நல்லா கீது.”

அவன் தன் கைப்பேசியையே எடுத்தான். அந்த வரியைத் தேடிப் பார்த்தான். பேசும் பொத்தானில் கட்டைவிரலை வைத்தான். அதைக் கண்ட குப்பம்மாள், டவுனிலிருந்து வந்தவர் ஏதோ முக்கியமாகப் பேசுகிறார் என்று நினைத்து, “ஏய், செத்த சும்மா இருங்கடி. சாரு பேசணுமாம்” என்றாள். பெண்கள் கையில் புளியோடு அப்படியே நின்றார்கள். கிளையில் இருந்த அண்ணனும் உலுக்குவதை நிறுத்தினான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஒரு பெண் இருமலை முந்தானையில் பொத்திக்கொண்டாள்.

புருஷோத்தமன் வாயைத் திறந்தான். “மலையிலிருந்து…” என்றான். குப்பம்மாள் அவன் சொல்லப்போவதைக் கேட்கத் தலையைச் சற்று முன்னால் நீட்டினாள். அவன் குடித்துக் கொடுத்த சொம்பு இன்னும் அவள் கையில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். மேலே தொடர முடியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தேவயானி ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கண்ணை எடுக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் இதைத்தான் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள். அவள் நினைத்து வைத்ததைவிட நிஜம் நன்றாகவே இருந்தது. வியர்வை அவன் காதோரம் இறங்கி, இஸ்திரி போட்ட காலருக்குள் போனது.

கட்டைவிரல் வழுக்கியதா, அவனே எடுத்துவிட்டானா தெரியவில்லை. பதிவான குரல் குழுவுக்குப் போய்விட்டது. அவள் கைப்பேசி அதிர்ந்தது. ஒரு சொல்லும், அதற்குப் பின்னால் வெறும் காற்றும்.

“அழிச்சிடு தேவயானி” என்றான். “உன் கையில இருக்குது.”

“நான் அழிக்கிற ஆளு இல்ல.”

அவன் ஹெல்மெட்டைப் போடாமல் கையில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். குப்பம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“யாருடி அது? இன்னாவாம்? ஒண்ணும் பேசாம போய்ட்டாரு.”

“பேசத்தான் வந்தாரு.”

“ரெண்டு புளியாவது குடுத்தனுப்பி இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு குப்பம்மாள் கூடையை இழுத்துக்கொண்டு போனாள்.

தேவயானி பாதையின் விளிம்பில் போய் நின்றாள். முதல் வளைவைக் கடந்த பைக் இரண்டாவது வளைவில் ஓரமாக நின்றது. அவன் இறங்கிக் கைப்பேசியைக் காதில் வைத்தான். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு ஷோபனாதான் கூப்பிட்டிருக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்த அந்த மனிதன் பைக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தான். இன்னொரு கையை வீசி வீசி எதையோ விளக்கினான். மலையின் பக்கம் காட்டினான். நெஞ்சைத் தொட்டான். பிறகு அந்தக் கை தானாகக் கீழே இறங்கியது. தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்து, குனிந்து, அடுத்த பக்கம் பேசுவதை மட்டும் கேட்கத் தொடங்கினான். கீழேயிருந்து ஏறி வந்த பஸ் அவனை மறைத்து, ஒலி எழுப்பியபடி வளைவில் திரும்பியது. அது கடந்து போன பிறகும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.